அழிப்பதற்கு முன் கேளுங்கள்: நகர நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். பெருந்தொற்றுக் காலத்தில் வரையப்பட்ட அந்தச் சுவரோவியம் எந்த உத்தரவின்படி வெள்ளையடித்து அழிக்கப்பட்டது என்பதைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். ஆகவே அந்த விவரங்களை மீண்டும் அடுக்கப் போவதில்லை. என் கோரிக்கை ஒன்றுதான். அக்காலத்து ஓவியங்களில் எஞ்சியிருப்பவற்றை, அப்பகுதி மக்களைக் கேட்காமலும் முறையாகப் பதிவு செய்யாமலும் இனி அழிக்காதீர்கள்.

அழிக்கப்பட்ட ஓவியத்தில் ஒரு மூடிய ஜன்னல் இருந்தது. கண்ணாடிக்கு உள்ளே ஒருவரும் வெளியே ஒருவரும் நின்று, உள்ளங்கையோடு உள்ளங்கையை வைத்திருப்பார்கள். யார் வரைந்தது என்று எங்களில் எவருக்கும் தெரியாது. அதன் அடியில் ஆள் உயரத்துக்குக் கரியாலும் பேனாவாலும் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. மருத்துவமனைக்குள் போனவர்களின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கக்கூட வழியில்லாமல், அவர்களுடைய உடைமைகளை மட்டும் ஒரு பையில் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் எழுதிய பெயர்கள் அவை. "அப்பா, உங்கள் மூக்குக்கண்ணாடி என்னிடம்தான் இருக்கிறது" என்று ஒரு வரி சிறிய எழுத்தில் இருந்தது. அதற்கு இரண்டு விரற்கடை தள்ளி நான் என் அக்காவின் பெயரை எழுதியிருந்தேன். அவளுக்கு விடைகொடுக்க எனக்குக் கிடைத்த ஒரே இடம் அந்தச் சுவர். அதை அழிக்கப் போகிறோம் என்று ஓர் அறிவிப்பை ஒட்டியிருந்தால், ஒரு புகைப்படமாவது எடுத்து வைத்திருப்போம். அந்த அவகாசம்கூட எங்களுக்குத் தரப்படவில்லை.

அனுமதியின்றி வரையப்பட்டது என்பது தங்கள் தரப்பின் விளக்கம். உண்மைதான். ஆனால் அனுமதி கேட்டு வரையும் நிலையில் அன்று யாரும் இருக்கவில்லை. அருங்காட்சியகங்களும் கலைக்கூடங்களும் மூடிக் கிடந்த 2020ஆம் ஆண்டில், தெருச்சுவர்தான் திறந்திருந்த ஒரே கண்காட்சி. இத்தாலிய வீதி ஓவியர் டிவிபாய், பிரான்செஸ்கோ ஹயேஸ் 1859இல் தீட்டிய புகழ்பெற்ற 'முத்தம்' ஓவியத்தின் காதலர்களுக்கு முகக்கவசம் அணிவித்தார். கிளாஸ்கோவில் ரெபெல் பேர் என்னும் ஓவியர், முத்தமிடுவதற்காக முகக்கவசத்தைக் கீழே இறக்கும் ஓர் ஆணையும் பெண்ணையும் வரைந்தார். தொடுவதே ஆபத்தாகிவிட்ட நாட்களில், நெருங்க விரும்பியும் விலகி நின்ற மனிதர்களின் ஏக்கத்தை இவற்றைப் போல எந்த அரசு அறிக்கையும் சொல்லவில்லை. அவ்வாறிருக்க, இவற்றைச் சுவரில் கிறுக்கியவை என்ற பட்டியலில் சேர்ப்பது எப்படிச் சரியாகும்?

தெரியாமல் அழித்த நிர்வாகங்களும் உண்டு. 2020 ஜூலையில் லண்டன் சுரங்க ரயில் பெட்டியில், முகக்கவசம் அணியச் சொல்லி வீதி ஓவியர் பேங்க்ஸி வரைந்த எலிகளைத் துப்புரவுப் பணியாளர்கள் வழக்கமான விதிப்படி துடைத்துவிட்டனர். ஆனால் அதன்பின் அந்தப் போக்குவரத்து நிர்வாகம், பொருத்தமான ஓரிடத்தில் அச்செய்தியை மீண்டும் வரைய வருமாறு அந்த ஓவியரை அழைத்தது. எங்களுக்கு அப்படியொரு சொல்கூட வரவில்லை.

வெயிலிலும் மழையிலும் எப்படியும் மங்கிவிடும் என்று தங்கள் அலுவலர் ஒருவர் சொன்னார். மங்குவது வேறு, அழிப்பது வேறு. லண்டனில் நாடாளுமன்றத்துக்கு எதிரே, தேம்ஸ் கரையில் உள்ள சுவரில், கோவிட்டில் இறந்த ஒவ்வொருவருக்கும் ஒன்றாக 2021 மார்ச் முதல் கையால் சிவப்பு இதயங்களை வரையத் தொடங்கினார்கள். முதற்கட்டத்திலேயே அவை ஏறத்தாழ 1,50,000 ஆயின. முதலில் பயன்படுத்திய பேனா மை வெளுத்தபோது, தன்னார்வலர்கள் நீடித்து நிற்கும் வண்ணத்தால் ஒவ்வொன்றின் மீதும் மறுபடி வரைந்தார்கள். அத்தகைய பொறுப்பை ஏற்க எங்களில் பலர் இங்கேயும் ஆயத்தமாக இருந்தோம். எங்களை யாரும் கேட்கவில்லை.

அதே சாலையில் விளம்பரங்களும் தலைவர்களின் முகங்களும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டப்பட்டு ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. அவற்றின் மீது ஒரு தூரிகையும் படவில்லை. இறந்தவர்களை நினைவுகூர இந்நகரம் ஒரு கல்லை நடவில்லை, ஒரு நாளை ஒதுக்கவில்லை. மக்களே எழுப்பிக்கொண்ட ஒரே நினைவிடத்தையும் அழகுபடுத்தும் பணி என்ற பெயரில் எடுத்துவிட்டீர்கள். இதை எழுதும்போது கோபத்தை அடக்க முடியவில்லை.

இருப்பினும் பணிவோடு மீண்டும் கேட்கிறேன். அழிப்பதற்கு முன் கேளுங்கள். எஞ்சியுள்ள ஓவியங்களைப் படமெடுத்து, இடமும் தேதியும் குறித்துப் பொதுப் பார்வைக்கு வையுங்கள். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்குழு உலகெங்கிலுமிருந்து இத்தகைய ஓவியங்களின் படங்களைத் திரட்டிக் காப்பகமாக்கியிருக்கிறது. ஒரு நகரத்துக்குள் அதைச் செய்வது தங்களுக்கு இயலாத காரியமல்ல. வெள்ளையடித்த சுவரில் அந்தப் பெயர்களை மீண்டும் எழுத எங்களுக்கு அனுமதி தாருங்கள். வண்ணமும் உழைப்பும் எங்களுடையவை. எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
அந்தச் சுவரில் பெயர் எழுதியவர்களில் ஒருவர்