'பிக்கப் யூ' என்று ஏன் வாயில் வந்துவிடுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வரும் ஆங்கிலப் பகுதியை வாரா வாரம் கத்தரித்து ஃபைலில் போட்டு வைக்கிறவள் நான். திண்டுக்கல்லில் வீட்டு மாடியில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடும் பெண்கள். நீங்கள் வெளியிட்ட ஃபிரேசல் வெர்ப் பட்டியலைப் பற்றித்தான், அதாவது வினையோடு 'அப்', 'ஆஃப்' மாதிரி ஒரு சின்னச் சொல் சேர்ந்து தனிப் பொருள் தரும் கூட்டுவினைகளின் பட்டியலைப் பற்றித்தான் எழுதுகிறேன். பட்டியலில் தப்பு எதுவும் இல்லை, ஆனால் ஒரு முக்கியமான விஷயம் அதில் இல்லை.

என்னிடம் படிக்கும் ஒரு பெண் அந்தப் பட்டியலை அப்படியே மனப்பாடம் செய்திருந்தாள். 'கிவ் அப்' என்றால் கைவிடு, 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடு, எதைக் கேட்டாலும் டக்கென்று சொல்வாள். ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன் வேலைக்கு இன்டர்வியூ போனாள். ரயிலில் வரும் விருந்தினரிடம் போனில் பேசுவதுபோல் பேசிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். 'அவர் (our) டிரைவர் வில் பிக்கப் யூ' என்றிருக்கிறாள். எதிரே இருந்தவர் 'பிக் யூ அப்' என்று திருத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவளுக்கு வாயே வரவில்லை. அன்று மாலை வந்து என்னிடம் கேட்டாள்: "மிஸ், 'பிக் அப் த கெஸ்ட்' சரி, 'பிக் த கெஸ்ட் அப்' என்றாலும் சரி, அப்புறம் 'பிக் அப் யூ' மட்டும் எப்படித் தப்பாகும்?"

"அது அப்படித்தான்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை, ராத்திரி முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பட்டது இதுதான். 'பிக்கப்' என்பது நமக்கு இங்கிலீஷ் வார்த்தையே இல்லை, தமிழாகிவிட்டது. 'அவரை ஸ்டேஷன்ல பிக்கப் பண்ணிடு', 'ஃபாரத்தை ஃபில்லப் பண்ணு' என்று தினமும் சொல்கிறோம். இரண்டு சொல்லாக இருந்ததை ஒன்றாக ஒட்டி, பின்னால் ஒரு 'பண்ணு' சேர்த்துவிட்டோம். 'ஃபேனை ஆஃப் பண்ணு' என்பதைப் பாருங்கள், அதில் 'டர்ன்', 'ஸ்விட்ச்' எல்லாம் போய் வெறும் 'ஆஃப்' மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. இப்படி ஒட்டிப்போன சொல்லைத்தான் இங்கிலீஷ் பேசும்போதும் அப்படியே எடுத்து வைக்கிறோம். அது பிரியும் என்பதே நம் நினைவில் இல்லை.

நம் மொழியிலும் இரட்டை வினை நிறைய இருக்கிறது. விட்டுக்கொடு, பார்த்துக்கொள், எடுத்து வை. ஆனால் 'குழந்தையைப் பார்த்துக்கொள்' என்போமே தவிர 'பார்த்துக் குழந்தையைக் கொள்' என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆள் யார், பொருள் என்ன என்பதை 'ஐ' போட்டு முன்னாலேயே சொல்லிவிடுவோம். பல நேரம் அதையும் விட்டுவிடுவோம். லைட் எரிகிறது, 'அணைச்சிடு' என்றால் போதும், எதை என்று யாரும் கேட்க மாட்டார்கள். இங்கிலீஷில் அப்படி விட முடியாது. 'இட்' என்று ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அது ஏற்கெனவே தெரிந்த பொருள், அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை. அழுத்தம் 'ஆஃப்' மேல் விழ வேண்டும், அதற்கு உரிய இடம் வாக்கியத்தின் கடைசி. அதனால் 'இட்' நடுவில் நுழைந்து கொள்கிறது: 'டர்ன் இட் ஆஃப்'. இதை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், 'டர்னிடாஃப்' என்று ஒரே மூச்சில் வரும். 'டர்ன் ஆஃப் இட்' என்றால் கடைசியில் அந்த 'இட்' தனியாகத் தொங்கும். புதிதாக ஒரு பொருளின் பெயரைச் சொல்லும்போது அதற்கும் அழுத்தம் உண்டு, ஆகவே 'டர்ன் ஆஃப் த லைட்' என்று கடைசியில் வைத்தாலும் குறையில்லை. மீ, யூ, ஹிம், ஹர், இட், அஸ், தெம் என்ற இந்தச் சின்னச் சொற்களுக்குத்தான் அந்தச் சலுகை கிடையாது.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். புரிந்துகொண்டாள், உடனே 'லுக் ஹர் ஆஃப்டர்' என்றாள். அவள் மேல் தப்பில்லை, நான்தான் பாதி சொல்லியிருந்தேன். 'லுக் ஆஃப்டர் ஹர்' (அவளைப் பார்த்துக்கொள்), 'லுக் ஃபார் இட்' (அதைத் தேடு) இவையெல்லாம் வேறு குடும்பம். இங்கே 'ஆஃப்டர்', 'ஃபார்' எல்லாம் பின்னால் வரும் ஆளோடு சேர்ந்தவை, நம் வேற்றுமை உருபு மாதிரி. நாம் 'அவளுக்காக' என்பதில் 'ஆக'வைப் பிய்த்து வேறு இடத்தில் வைப்பதில்லை, அதே மாதிரிதான். 'புட் அப் வித் ஹிம்' (அவரைப் பொறுத்துக்கொள்) போன்ற மூன்று சொல் கூட்டத்திலும் 'வித்' இருப்பதால் 'ஹிம்' கடைசியில்தான் வரும்.

இடம் மாறினால் வெறும் இலக்கணப் பிழையோடு போகும் என்றும் நினைக்க வேண்டாம், சில இடங்களில் அர்த்தமே மாறிவிடும். 'சீ ஹிம் த்ரூ' என்றால் கஷ்டத்தில் இருப்பவருக்கு அது தீரும்வரை துணை நிற்பது. 'சீ த்ரூ ஹிம்' என்றால் அவருடைய நடிப்பைக் கண்டுபிடித்துவிடுவது. மூன்று சொல்லும் அதே சொற்கள்தான்! 'லுக் இட் ஓவர்' என்றால் ஒருமுறை சரிபார்ப்பது, 'லுக் ஓவர் இட்' என்றால் மதில் மாதிரி ஒன்றுக்கு மேலாக அந்தப் பக்கம் பார்ப்பது. இந்த இரண்டையும் போர்டில் எழுதிக் காட்டியதும் மாடியில் இருந்த எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு ஒரு சின்னச் சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் இந்தப் பழக்கம்தான் பிற மொழிக்காரர்களுக்கு மிகவும் சிரமம் தருகிறது என்று எழுதியிருக்கிறார். இருநூற்று எழுபது வருஷமாகத் தெரிந்த சிரமம் இது. எங்கள் பிள்ளைகளுக்கு இன்னமும் பட்டியலும் அர்த்தமும் மட்டும் கொடுத்து 'மனப்பாடம் பண்ணு' என்கிறோம். நானும் பல வருஷம் அதையேதான் செய்தேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இனி பட்டியல் போடும்போது வெறும் 'புட் ஆஃப்' என்று போடாமல் 'புட் இட் ஆஃப்' என்று போடுங்கள். 'லுக் ஆஃப்டர்' என்று போடாமல் 'லுக் ஆஃப்டர் இட்' என்று போடுங்கள். அந்த ஒரு 'இட்' போதும், எது பிரியும் எது பிரியாது என்பது பட்டியலிலேயே தெரிந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டின் மாணவர் அகராதியில் இடம் மாறக்கூடியவற்றுக்கு இரட்டை அம்புக்குறி போட்டிருப்பார்கள், உங்களுக்கு வசதிப்பட்டால் அதையும் செய்யலாம். ஒவ்வொன்றுக்கும் பேச்சில் வருகிற மாதிரி ஒரு வாக்கியம் கொடுத்தால் இன்னும் நல்லது. அர்த்தத்தைவிட அந்த வாக்கியம்தான் பிள்ளைகளின் வாயில் நிற்கும். 'வேக் மீ அப்' என்பதை யாரும் தப்பாகச் சொல்வதில்லை, ஏனென்றால் அதைப் பட்டியலில் படிக்கவில்லை, முழுசாகக் காதில் கேட்டுத்தான் பிடித்துக்கொண்டோம்.

அந்தப் பெண்ணுக்கு அடுத்த வாரம் வேறொரு இடத்தில் இன்டர்வியூ. பழைய பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வரியிலும் 'இட்' எங்கே வரும் என்று பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறாள். 'கால் ஆஃப்' வரை வந்திருக்கிறாள்.

இப்படிக்கு,
டியூஷன் ஆசிரியை ஒருவர்,
திண்டுக்கல்