எந்தப் பதிப்பை ஆடினீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த 'ஸெல்டா 2: தி அட்வென்ச்சர் ஆஃப் லிங்க்' என்ற நிண்டெண்டோ வீடியோ கேம் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையோடு படித்தேன். இரண்டாம் முறை, படித்தது சரிதானா என்று பார்ப்பதற்காக. "ஜப்பானியப் பதிப்புக்கும் அமெரிக்கப் பதிப்புக்கும் மொழியைத் தவிர வேறு வித்தியாசம் கிடையாது" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அடுத்த பத்தியிலேயே, எல்லா உயிரும் போனால் பாடுபட்டுச் சேர்த்த லெவல்கள் (வீரனின் திறன் படிகள்) இறங்கிவிடுகின்றன, இது அநியாயம் என்று கட்டுரையாளர் குறைபட்டுக்கொள்கிறார்.

ஐயா, அப்படி லெவல் இறங்குவது 1987 ஜனவரியில் ஜப்பானில், நிண்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற வீட்டு கேம் கருவிக்கு வந்த டிஸ்க் பதிப்பில். பக்கத்தில் நீங்கள் போட்டிருக்கும் படமோ 1988-ல் வெளிநாடுகளுக்கு வந்த கேட்ரிட்ஜின் (என்இஎஸ் என்ற வெளிநாட்டு ஃபேமிகாமில் செருகும் பெட்டி) ஆங்கிலத் தலைப்புத் திரை. டிஸ்க் பதிப்பை ஆடிவிட்டு, அதன் குறையைக் கேட்ரிட்ஜின் தலையில் கட்டி, இரண்டும் ஒன்றுதான் என்றும் எழுதினால், அதை நம்பி ஆட உட்காரும் வாசகர் என்ன செய்வார்?

வித்தியாசம் உங்களுக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் அச்சில் வராமல் போனதால் சொல்கிறேன். தாக்குதல், மந்திரம், உயிர் என்று மூன்று லெவல்கள். டிஸ்க் பதிப்பில் ஆட்டம் முடிந்துபோனால், மூன்றில் எது மிகக் குறைவோ அந்த அளவுக்கு மற்ற இரண்டும் இறங்கும். 5, 5, 2 என்று வைத்திருந்தால் மறுபடி தொடங்கும்போது 2, 2, 2. கேட்ரிட்ஜில் லெவல்கள் அப்படியே இருக்கும். செலவழிக்காத அனுபவப் புள்ளிகள் மட்டும் பூஜ்யமாகும், ஆட்டம் தொடங்கும் வடக்கு அரண்மனையிலிருந்து மறுபடி நடக்க வேண்டும்.

இது சின்ன விஷயமில்லை, ஆடும் முறையையே மாற்றிவிடும். "முதலில் தாக்குதலை ஏற்றுங்கள்" என்ற உங்கள் பெட்டிச் செய்தி கேட்ரிட்ஜுக்கு அருமையான யோசனை. அதில் இரண்டாம் லெவலுக்கு உயிர் 50, மந்திரம் 100, தாக்குதல் 200 புள்ளி கேட்கும். 50-ல் திரை வந்து கேட்கும்போது கேன்சல் கொடுத்து, 100-லும் கேன்சல் கொடுத்து, 200 வரை பொறுத்திருந்து தாக்குதலை வாங்கினால் வாள்வீச்சின் வலிமை கூடும், எதிரிகள் சீக்கிரம் விழுவார்கள். இதே யோசனையை டிஸ்க் பதிப்பில் செய்து பாருங்கள். தாக்குதல் 4, உயிர் 1 என்று நிற்கும்போது ஆட்டம் முடிந்தால் எல்லாம் 1. அங்கே மூன்றையும் ஒன்றன் பின் ஒன்றாகச் சமமாக ஏற்றுவதுதான் வழி. ஒரு பதிப்பின் மருந்து இன்னொரு பதிப்புக்கு விஷம். பெட்டிச் செய்தியில் எந்தப் பதிப்புக்கு என்று ஒரு சொல் கூட இல்லை.

இது முதல் தடவையாக இருந்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன். முதல் ஸெல்டாவுக்கு நீங்கள் வெளியிட்ட வழிகாட்டியில், போல்ஸ் வாய்ஸ் என்ற முயல்காது அரக்கனுக்குச் சத்தம் பிடிக்காது, அதனால் புல்லாங்குழல் ஊதுங்கள் என்று இருந்தது. என்இஎஸ்ஸில் எத்தனை முறை ஊதினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஃபேமிகாமின் இரண்டாவது கன்ட்ரோலரில் சிறிய மைக் உண்டு. அதில் கத்தினால் அந்த அரக்கன் சாகும். என்இஎஸ் கன்ட்ரோலரில் மைக் கிடையாது. ஆனால் சத்தம் பிடிக்காது என்ற வரி மட்டும் அமெரிக்கக் கையேட்டில் தங்கிவிட்டது. அங்கே அம்பு ஒன்று விட்டால் போதும், ஒரே அடியில் விழும். ஒரு அம்புக்கு ஒரு ரூபி (அந்த கேமின் பணம்) செலவு, ஆகவே கையில் ரூபி இல்லாமல் அந்த அறைக்குள் போகக் கூடாது. வழிகாட்டியில் வந்திருக்க வேண்டியது இது. பழைய கையேட்டின் பிழையையே மறுபடி அச்சிட்டீர்கள்.

'அமெரிக்கப் பதிப்பு என்றாலே கடினம்' என்று இன்னொரு இதழில் பொத்தாம்பொதுவாக ஒரு தலைப்பு. ஸெல்டா 2 அதற்கு நேர்மாறு என்பதை மேலே பார்த்தோம். கடினமாக்கப்பட்டவை உண்டு, மறுக்கவில்லை. 1991-ல் வந்த நிஞ்ஜா கைடன் 3-இல் ஜப்பானியர் எத்தனை முறை வேண்டுமானாலும் தொடரலாம், அமெரிக்கருக்கு 5 முறைதான். காஸில்வேனியா 3-இன் ஜப்பானியப் பதிப்பில் அடியின் வலி எதிரியைப் பொறுத்தது. அமெரிக்கப் பதிப்பில் நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது, போகப் போக ஒரு வௌவாலின் அடி கூட அதிகமாக வலிக்கும். ஜப்பானியப் பதிப்பில் கத்தி எறியும் கிராண்ட் என்ற வீரனின் கையில் அங்கே குட்டையான குத்துவாள்தான் மிச்சம். இதற்கெல்லாம் 'அமெரிக்கர்களின் ரசனை' என்று காரணம் சொன்னீர்கள். வாடகைக் கடைகளைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம். ஜப்பானில் உரிமையாளர் அனுமதியில்லாமல் கேம்களை வாடகைக்கு விட முடியாது. அமெரிக்காவில் அன்று வார இறுதிக்கு எடுத்துப்போய் ஆடிவிட்டுத் திருப்பித் தர முடிந்தது. கணினி மென்பொருளை வாடகைக்கு விடுவதைத் தடுத்த 1990-ஆம் ஆண்டுச் சட்டம் கூட கன்சோல் கேம்களுக்கு விலக்குக் கொடுத்தது. இரண்டு நாளில் முடிந்துவிடும் கேமை யார் விலை கொடுத்து வாங்குவார்கள்?

ஐரோப்பியப் பதிப்புகளைப் பற்றி நீங்கள் எழுதியதே இல்லை. அந்நாளில் அங்கே டிவியில் படம் நொடிக்கு 50 முறை மாறும், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஏறத்தாழ 60 முறை. வேகத்தைத் திருத்தாமல் அப்படியே கொண்டுபோன கேம்கள் அங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். எதிரி கையை ஓங்கியதிலிருந்து அடி விழ 12 ஃபிரேம் (திரையில் மாறும் 12 படங்கள்) என்றால், 60-ல் உங்களுக்குக் கிடைப்பது 0.2 நொடி, 50-ல் 0.24 நொடி. தடுப்பதற்குக் கேடயத்தை உயர்த்த அந்தச் சிறு இடைவெளியும் உதவும். எமுலேட்டரில் (பழைய கருவியைப் போல நடந்துகொள்ளும் கணினி மென்பொருளில்) ஆடுபவர்களுக்கு இதில் தனித் தொல்லை. கேமின் நகலான பழைய ரோம் கோப்புகள் பலவற்றின் தலைப்பகுதியில் எந்த நாட்டு டிவிக்கானது என்ற குறிப்பே சரியாக இருக்காது. ஐரோப்பிய கேமை எமுலேட்டர் 60-ல் ஓட்டிவிடும், கேம் 20 சதவீதம் வேகமெடுக்கும். பாட்டு அவசர அவசரமாகக் கேட்டால் அமைப்புகளில் போய் நாட்டைக் கையால் மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் ஆடிவிட்டு 'பைத்தியம் பிடிக்கும் வேகம்' என்று மதிப்பெண்ணைக் குறைப்பது அந்த கேமுக்குச் செய்யும் துரோகம்.

இன்னும் ஒன்று. மங்கி ஐலண்ட் 2 என்ற கேமில் மயங்கி நிற்கும் குரங்கைத் தூக்கிப்போய், அதையே ரெஞ்சாக வைத்து அருவியின் பம்பைத் திருகும் புதிரை 'தர்க்கமே இல்லாதது' என்று உங்கள் பட்டியலில் சேர்த்தீர்கள். அமெரிக்காவில் ஒருவகைத் திருகு ரெஞ்சுக்கே மங்கி ரெஞ்ச், அதாவது குரங்கு ரெஞ்ச், என்று பெயர். பிரிட்டனில் அதை ஸ்பேனர் என்பார்கள், ஆகவே அதே ஆங்கிலம் பேசுபவர்களும் அங்கே விழித்தார்கள். கேமில் ஒரு எழுத்து கூட மாறவில்லை, ஊர் மாறியதும் புதிர் கடினமாகிவிட்டது. இதைச் சொல்ல எவ்வளவு நல்ல வாய்ப்பு! அதைத் தர்க்கமின்மை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு விமர்சனத்தின் தலைப்புக்குக் கீழும் ஒரே ஒரு வரி போடுங்கள்: எந்த நாட்டுப் பதிப்பு, டிஸ்க்கா கேட்ரிட்ஜா, 50-ஆ 60-ஆ, அசல் கருவியா எமுலேட்டரா. அடுத்த இதழில் அந்தப் பெட்டிச் செய்திக்கு ஒரு திருத்தமும் வேண்டும். 'தாக்குதலை முதலில் ஏற்றும் யோசனை என்இஎஸ் கேட்ரிட்ஜுக்கு மட்டும்' என்று போட்டால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்