புகார் எழுத வந்த பெரியக்கா

அன்புள்ள மாப்ள,

பதில் போடாமல் இழுத்தடித்துவிட்டேன். திட்டுவதையெல்லாம் சேர்த்துவைத்து நேரில் வரும்போது திட்டிக்கொள். இங்கே சிங்கப்பூரில் எல்லாரும் நலம். சின்னவளுக்குப் பாலர் பள்ளியில் வேலை கிடைத்துவிட்டது. தடியன் மறுபடியும் டயட் இருக்கிறான், மறுபடியும் தேக்காவில் பிரியாணித் தட்டோடு பிடிபட்டான். பெர்த்தில் குளிர் எப்படி என்று கேட்கவேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்.

போன மாதம் ஒரு மத்தியானம் பெரியக்கா வீட்டுக்கு வந்தார். கையில் கோடு போட்ட தாள், பேனா. "உன் கூட்டாளி இங்க இருந்தா அவன்கிட்டயே எழுதி வாங்கியிருப்பேன். அவன்தான் ஆஸ்திரேலியாவுல போய் உக்காந்துட்டானே, நீயாவது எழுது" என்றார். என்ன எழுத? பேங்கில் கவுன்டரில் இருந்த ஒரு மலாய்ப் பெண்மீது புகார். பார்த்தாயா, நீ ஊரை விட்டுப் போனாலும் உன் கீர்த்தி போகவில்லை. நீ எழுதித் தந்த அந்த ஏர்கான் புகார்க் கடிதத்தின் நகலை அக்கா இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார், தெரியுமா?

"ஒரு மணி நேரம் நிறுத்தி வெச்சா. மூஞ்சியில சிரிப்பே கெடையாது. என் காசை எடுக்க என்கிட்டயே ஆயிரம் கேள்வி. கடைசியில மகனைக் கூட்டிட்டு வாங்கன்னு அனுப்பிட்டா. நான் என்ன சின்னப் பிள்ளையா?"

நானும் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். எவ்வளவு பணம், யாருக்கு என்று கேட்டேன். அறுபதாயிரம் வெள்ளி. அத்தானின் சிபிஎஃப் சேமநிதிப் பணத்தில் மிச்சமிருந்தது முழுவதும். யாருக்கு என்பதற்கு மட்டும் பதில் வரவில்லை. "அதை வெளியில சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றார். நான் பேனாவை வைத்துவிட்டேன். அவர் கைப்பையில் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது.

மீதி உனக்கே புரிந்திருக்கும். காலையில் யாரோ பேங்கிலிருந்து பேசுவதாக அழைத்து, வங்கிகளைக் கண்காணிக்கும் நாணய ஆணைய அதிகாரி என்று இன்னொருவனிடம் மாற்றிவிட்டிருக்கிறான். உங்கள் கணக்கில் கள்ளப் பணம் புழங்குகிறது, விசாரணை முடியும்வரை பணத்தைப் பாதுகாப்பான கணக்குக்கு மாற்றுங்கள், பிள்ளைகளிடம்கூட மூச்சுவிடக் கூடாது என்று மிரட்டல். வீடியோவில் சீருடை போட்ட ஆள் வேறு. பேங்கில் கேட்டால் வீட்டு ரினவேஷனுக்கு என்று சொல்லவேண்டும் என்றும் பாடம் நடத்தியிருக்கிறார்கள். 2024இல் மட்டும் இந்த ஊரில் மோசடிக்காரர்களிடம் மக்கள் இழந்தது 110 கோடி வெள்ளிக்கு மேல். அதைப் பேப்பரில் படித்துவிட்டு, எப்படித்தான் ஏமாறுகிறார்களோ என்று உச்சுக்கொட்டியவர் இதே பெரியக்கா.

மோசடி உதவி எண் 1799க்கு நான்தான் போன் செய்தேன். அக்காவை நம்பவைக்க ராத்திரி ஆகிவிட்டது. இதில் கூத்து என்னவென்றால், சாயங்காலம் உண்மையான போலீஸே அழைத்தபோது அக்கா அவர்களைத் திருட்டுப் பயல்கள் என்று திட்டி போனை வைத்துவிட்டார். காலையில் இந்த வீரம் எங்கே போயிருந்தது!

மறுநாள் நானும் மருமகனும் அக்காவோடு அந்தக் கிளைக்குப் போனோம். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என்ன நடந்தது என்று அவள் வாயால் கேட்டபோதுதான் எனக்கு விஷயமே விளங்கியது. அக்கா போனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்திருக்கிறார். அதன் ஓரத்தில் வெளிச்சம் தெரிந்திருக்கிறது. இணைப்பைத் துண்டிக்காமல் ஒருவன் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று இவள் ஊகித்துவிட்டாள். வாய்விட்டு எச்சரித்தால் அவன் உஷாராகி அக்காவை வேறு கிளைக்கு விரட்டிவிடுவான். அதனால் ஒரு துண்டுத் தாளில் மலாயில், போனில் யாராவது இருக்கிறார்களா என்று எழுதி அக்கா பக்கம் நகர்த்தியிருக்கிறாள். அக்கா இல்லை என்று தலையை ஆட்டிவிட்டார். ஆனால் ஆட்டுவதற்கு முன்னால் கண் போனுக்குப் போய்விட்டு வந்ததாம். அது போதுமாக இருந்திருக்கிறது அவளுக்கு.

அப்புறம்தான் அந்த ஒரு மணி நேரம். அடையாள அட்டையை மறுபடி கேட்டிருக்கிறாள். நகல் எடுக்க உள்ளே போயிருக்கிறாள். சிஸ்டம் மெதுவாக இருக்கிறது என்றிருக்கிறாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். ரினவேஷன் எந்த அறையில், டைல்ஸ் என்ன நிறம் என்று பேச்சுக் கொடுத்திருக்கிறாள். இதற்கிடையில் மேலாளரிடம் சொல்லி, அவர் போலீஸுக்குத் தகவல் கொடுத்திருக்கிறார். 2025 ஜூலையிலிருந்து சட்டமே வந்துவிட்டது, தெரியுமில்லையா? எவ்வளவு சொல்லியும் கேட்காமல் மோசடிக்காரனுக்குப் பணம் அனுப்பியே தீருவேன் என்று நிற்பவரின் கணக்கைப் போலீஸ் முப்பது நாள் முடக்கிவைக்கலாம். அந்த அளவுக்குப் போகாமல் டைல்ஸ் பேச்சிலேயே காரியத்தை முடித்துவிட்டாள் இந்தப் பெண்.

சரி, இதில் உன்னைத் திட்டவேண்டிய இடம் வந்துவிட்டது. அந்த ஒரு மணி நேரமும் பின்னால் நம்பர் எடுத்துக் காத்திருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? ஒருவர் மேலாளரிடம் போய், இந்தக் கவுன்டரில் வேலை தெரியாத ஆளை உட்காரவைத்திருக்கிறீர்கள் என்று சத்தம் போட்டாராம். அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நீ அங்கே இருந்திருந்தால் அந்த ஒருவர் நீதான், மாப்ள. தேதி, நேரம், கவுன்டர் எண் எல்லாம் போட்டு ஒரு பக்கம் எழுதியிருப்பாய். எந்த அலுவலகத்திலும் அப்படி எழுதியது பதிவாகும். பெரியக்கா பணம் அவர் கணக்கிலேயே இருக்கிறது என்பது எங்கே பதிவாகும்? நடக்காமல் போன ஒன்றுக்கு யார் கணக்கு வைப்பார்கள்? ராத்திரியெல்லாம் இதே யோசனை எனக்கு.

அதன்பிறகு எங்கே போனாலும் இதைத்தான் பார்க்கிறேன். பஸ்ஸில் சக்கர நாற்காலியில் ஒருவர் ஏறவேண்டும் என்றால் ஓட்டுநர் இறங்கி வந்து, சரிவுப் பலகையைக் கையால் விரித்து, எங்கே இறங்கவேண்டும் என்று கேட்டு, நாற்காலியை உரிய இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் திரும்பப் போய் உட்காருகிறார். அவர் இறங்கும்போது மறுபடியும் அதே வேலை. அந்த நேரம் முழுக்க யாராவது ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பல நாள் அது நானாக இருந்திருக்கிறேன்.

நாம் பள்ளியில் படித்தபோது மரியாதை இயக்கம் என்று ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டினார்களே, 1979இல் லீ குவான் இயூ தொடங்கிவைத்தது. அப்புறம் 1982இல் அதன் சின்னமாக அந்தச் சிங்கா சிங்கம் வந்தது. 2013இல் அதுவே எனக்குக் களைப்பாக இருக்கிறது என்று ராஜினாமாக் கடிதம் கொடுத்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும், அன்றைக்கு அதை வைத்து நீ அடித்த ஜோக்கை நான் இங்கே எழுத முடியாது. சிரித்த முகமாக இருங்கள், நன்றி சொல்லுங்கள் என்றுதான் அப்போது சொல்லிக்கொடுத்தார்கள். தப்பில்லை. ஆனால் அந்த வீடியோ சீருடைக்காரன் அக்காவிடம் எவ்வளவு மரியாதையாகப் பேசினான் தெரியுமா? 'மேடம், மேடம்' என்று வார்த்தைக்கு வார்த்தை. சிரிக்காதவள் இந்தப் பெண்தான்.

எனவே, புகாருக்கு வைத்திருந்த அதே தாளில் பாராட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை! உங்கள் ஊழியரின் சேவை மிகவும் நன்றாக இருந்தது என்று எழுதினால் டூத்பேஸ்ட் விளம்பரம்போல இருக்கிறது. திட்டுவதற்கு வரும் வார்த்தை வேகம் புகழ்வதற்கு வரவில்லை. அப்போதுதான் உன் முறை ஞாபகம் வந்தது. உணர்ச்சியைக் குறை, விவரத்தைக் கூட்டு என்பாயே. போன் கவிழ்ந்திருந்தது, துண்டுத் தாள், டைல்ஸ், பின்னால் சத்தம் போட்டவர் என்று நடந்ததை நடந்தபடியே எழுதினேன். அவள் பெயர், கிளை, கவுன்டர் எண், நேரம் எல்லாம் போட்டேன். காத்திருந்தவர்களின் நேரத்தை அவள் வீணாக்கவில்லை, ஒரு விதவையின் சேமிப்புக்குக் காவல் இருந்தாள் என்று ஒரு வரி. இந்த ஒரு வரி கொஞ்சம் சினிமாவாக இருக்கிறது என்கிறாள் உன் தங்கச்சி. நகலை இதோடு வைத்திருக்கிறேன். வெட்டவேண்டியதை வெட்டி இந்த வாரமே திருப்பி அனுப்பு. கிளைக்கு மட்டும் போட்டால் அங்கேயே அலமாரியில் தூங்கிவிடும், தலைமையகத்துக்கும் ஒரு நகல் போடவேண்டும் என்பது என் எண்ணம். இந்த விஷயத்தில் நீதான் அனுபவஸ்தன், யாருக்கு முகவரியிட்டால் வேலை நடக்கும் என்று சொல்.

கீழே அக்காவும் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டிருக்கிறார். முதலில் மாட்டேன் என்றார். அவமானம். மருமகள் காதுக்குப் போகக்கூடாது என்று பிள்ளையார்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். இப்போது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தாலே எடுப்பதில்லை. உன் எண்ணும் அவருக்குத் தெரியாத எண்தான் என்பதால் முதலில் எனக்கு அழை, நான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கொடுக்கிறேன். பேசும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே. சுறாப்புட்டு எப்படிச் செய்வது என்று கேள், அரைமணி நேரம் பேசுவார்.

உன்,
மணி