எட்டு போட்ட பிள்ளைக்கு இருட்டில் ஓட்டத் தெரியுமா? போக்குவரத்து ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக என் பகல் பொழுது பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடுதான் கழிகிறது. அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

என்னிடம் படித்து முடித்த மாணவன் ஒருவன் எல்லாவற்றையும் முறைப்படி செய்தான். பதினெட்டு நிறையும்வரை அப்பாவின் பைக்கைத் தொடவில்லை. பிறந்தநாள் கழிந்ததும் எல்.எல்.ஆர். எடுத்தான். முப்பது நாள் பொறுத்திருந்து, மைதானத்தில் கால் ஊன்றாமல் எட்டு போட்டான். உரிமம் கைக்கு வந்தது. மூன்றாம் மாதம் ஓர் இரவு, நண்பனைப் பின்னால் உட்காரவைத்துப் புறவழிச் சாலையில் வந்தவன், விளக்கில்லாமல் நின்றிருந்த லாரியின் பின்புறம் மோதினான். தலைக்கவசம் இருந்ததால் இருவரும் பிழைத்தார்கள். அவனுடைய வலது காலில் இன்று எலும்போடு சேர்த்துக் கம்பி இருக்கிறது. பார்க்கப் போனபோது சொன்னான்: “எதிரே வந்த வண்டியின் வெளிச்சத்தில் கண் கூசிவிட்டது, டீச்சர். ஊருக்கு வெளியே இருட்டில் ஓட்டியது அதுதான் முதல் தடவை.”

அவன் எந்த விதியையும் மீறவில்லை. அதனால்தான் என்னால் அதை மறக்க முடியவில்லை.

பதினெட்டு வயதுக்கு முன் வண்டி ஓட்டினால் என்ன ஆகும் என்று 2019 சட்டத் திருத்தம் தெளிவாகச் சொல்கிறது. பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டுவரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்து, ஓட்டிய பிள்ளைக்கு 25 வயதுவரை உரிமம் இல்லை. இந்தக் கடுமை வேண்டும் என்றே பெற்றோர் கூட்டங்களில் பேசி வருகிறேன். ஆனால் பதினெட்டுக்கு முதல் நாள்வரை இவ்வளவு கண்டிப்பாக இருக்கும் சட்டம், மறுநாள் முதல் பிள்ளையிடம் எதைக் கேட்கிறது? எல்.எல்.ஆர். எடுத்துக் குறைந்தது முப்பது நாள் ஆகியிருக்க வேண்டும் என்கிறது. அந்த முப்பது நாளில் அவன் வண்டியை எடுத்தானா, எத்தனை மணி நேரம் ஓட்டினான், மழையில் ஓட்டினானா, இரவில் ஓட்டினானா என்று யாரும் கேட்பதில்லை.

பழகுபவரோடு உரிமம் பெற்ற ஒருவர் இருக்க வேண்டும், வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் அவர் அமர்ந்திருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. காருக்கு இது பொருந்தும். பைக்கில் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் கை எந்தப் பிரேக்கை எட்டும்? ஆகவே நம் பிள்ளைகள் விடியற்காலையில் காலித் தெருவில் தனியாகப் பழகுகிறார்கள். தேர்விலும் இதே இடைவெளிதான். பிற வாகனங்களை முந்துவது, முந்த வழி விடுவது, சைகை காட்டித் திரும்புவது, அவசரத்தில் நிறுத்துவது எல்லாவற்றையும் சோதிக்கச் சொல்கிறது 15ஆம் விதி. நடப்பில் எட்டு போடுவதோடு தேர்வு முடிந்துவிடுகிறது. எட்டு போடுவதை நான் குறை சொல்லவில்லை. மெதுவாகப் போகும்போது தடுமாறாமல் இருக்கிறானா என்று அது நன்றாகவே காட்டுகிறது. விபத்து நடக்கும் வேகத்தைப் பற்றி அது எதுவும் காட்டுவதில்லை.

வேகத்தைப் பற்றி என் மாணவர்களுக்குத் தாளில் தெரியும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும் என்று கணக்குப் போடுவார்கள். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்று எழுதி முழு மதிப்பெண் வாங்குவார்கள். அந்தப் பதினேழு மீட்டரைச் சாலையில் ஒருவரும் அவர்களுக்குக் காட்டவில்லை.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் கார் பழகும் இளைஞர் 120 மணி நேரம் ஓட்டியதைக் குறிப்பேட்டில் பதிந்து காட்ட வேண்டும். அதில் 20 மணி நேரம் இரவில். உரிமம் கிடைத்த பிறகும் முதல் கட்டத்தில், இரவு 11 முதல் காலை 5 வரை 21 வயதுக்கு உட்பட்டவர்களில் ஒருவருக்கு மேல் ஏற்றக் கூடாது. நம் பிள்ளைகள் ஓட்டுவது இரு சக்கர வண்டி, நம் சாலையும் வேறு. அதை அப்படியே கொண்டுவர முடியாது. மணிக்கணக்கு வைப்பதை நம்மால் கொண்டுவர முடியும். முப்பது மணி நேரம் போதும், அதில் ஐந்து மணி நேரம் இரவில். உரிமம் உள்ள பெரியவர் இன்னொரு வண்டியில் கூடவே சென்று கையொப்பமிடட்டும். முதல் ஆறு மாதம் இரவில் பின்னால் ஆள் ஏற்ற வேண்டாம். விதியைத் திருத்துவது மத்திய அரசின் கையில் என்று அறிவேன். பரிந்துரை தமிழ்நாட்டிலிருந்து போகட்டும். 15ஆம் விதி ஏற்கெனவே கேட்பதைச் சாலையில் வைத்துச் சோதிக்க எந்தத் திருத்தமும் தேவையில்லை. உங்கள் ஆய்வாளர்களுக்கு ஓர் அறிவுறுத்தல் போதும்.

பதினாறு வயதினரைப் பற்றியும் ஒரு சொல். 50 சிசிக்கு மேற்படாத வண்டியை அவர்கள் ஓட்டலாம் என்று சட்டம் இன்னும் சொல்கிறது. டிவிஎஸ் 50 ஓடிய காலத்து ஏற்பாடு அது. இன்றைய எக்ஸ்எல் வண்டியே ஏறத்தாழ 100 சிசி. அந்த இடத்தை மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் ஓடும் சிறிய மின்சார ஸ்கூட்டர்கள் பிடித்துக்கொண்டன. அவற்றுக்குப் பதிவும் வேண்டாம், உரிமமும் வேண்டாம் என்பதால் பயிற்சியும் இல்லை. பழகத் தொடங்கச் சரியான வயதில், சரியான வேகத்தில் ஒரு வண்டி இருக்கிறது. கற்றுக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

இன்னொன்று. பதினேழு வயதில் பைக்கை எடுக்கும் பிள்ளைகள் எல்லோரும் சாகசத்துக்காக எடுப்பதில்லை. காலைச் சிறப்பு வகுப்புக்கு வரும் நேரத்தில் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்குப் பேருந்து கிடையாது. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் பன்னிரண்டு கிலோமீட்டர் மிதித்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். முடியாதவர்கள் அண்ணனின் வண்டியை எடுக்கிறார்கள். பேருந்து நேரங்களைப் பற்றிப் போக்குவரத்துக் கழகங்களோடு பேச எங்களைவிட உங்களுக்கு வழி இருக்கிறது.

வரும் மே மாதத்துக்குள் என் வகுப்பில் பத்தொன்பது பேருக்குப் பதினெட்டு வயது நிறைகிறது. அவர்களுக்காக நானே நாற்பது பக்க நோட்டுகள் வாங்கி, தேதி, நேரம், சாலை, கூட வந்தவரின் கையொப்பம் என்று கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அரசு கேட்காத கணக்கை எதற்கு எழுத வேண்டும் என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். உங்கள் துறையின் முத்திரையோடு ஒரு சுற்றறிக்கை வந்தால் அவர்களும் எழுதத் தொடங்குவார்கள்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியை