நள்ளிரவில் தளத்தை மூடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இணையதளங்களை நடத்தும் தொழில்நுட்பக் குழுத் தலைவர்களுக்கு,

வணக்கம். "பராமரிப்புப் பணி காரணமாக இரவு 12 முதல் 4 வரை தளம் இயங்காது" என்று அறிவிப்பு போடுகிறீர்கள். அதில் பெரும்பகுதி நேரம் தேவையே இல்லை. நானும் பல வருடம் அப்படிப் போட்டவன்தான்.

புதிய நிரலை ஏற்றத் தளத்தை மூட வேண்டியதில்லை. பக்கத்திலேயே வேறொரு சர்வரில் நிறுவி, சோதித்துவிட்டு, வருகிறவர்களை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். கோளாறு என்றால் பழையதற்கே திருப்பிக்கொள்ளலாம். ஐபி முகவரியும் மாறுகிறதா? தளப் பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸில் டிடிஎல் (கிடைத்த முகவரியை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 86400 நொடி, அதாவது ஒரு நாள் என்றிருந்தால், குறைந்தது ஒரு நாள் முன்பே 300 ஆக்கிவிடுங்கள். மாற்றிய பிறகு குறைத்துப் பயனில்லை.

உண்மையான தலைவலி டேட்டாபேஸ். ஒருமுறை போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஒரு டேபிளுக்கு ஒரே ஒரு நெடுவரிசை சேர்க்கக் கட்டளை கொடுத்தேன். கண் சிமிட்டுவதற்குள் முடிகிற வேலை. ஆனால் அதே டேபிளில் யாரோ ஓடவிட்ட நீளமான அறிக்கை ஒன்று முடியாமல் கிடந்தது. டேபிளை மாற்றத் தேவையான பூட்டு (அந்த நேரம் மற்றவர்கள் தொடாமல் பிடித்துவைப்பது) கிடைக்காமல் என் கட்டளை அதன் பின்னால் நின்றது. அடுத்தடுத்து வந்த சாதாரண வாசிப்புகள்கூட என் கட்டளைக்குப் பின்னால் வரிசைகட்டின. தளம் அப்படியே உறைந்துபோனது. லாக் டைம்அவுட்டை, அதாவது பூட்டுக்காகக் காத்திருக்கும் உச்ச நேரத்தை, 3 நொடி என்று வைத்திருந்தால் கட்டளை தானே விலகியிருக்கும். கொஞ்சம் கழித்து மறுபடி முயன்றிருப்பேன்.

நெடுவரிசையின் பெயர் மாற்றத்தையும் ஒரே இரவில் செய்யச் சொல்லாதீர்கள். முதலில் புதியதைச் சேருங்கள்; பழையது, புதியது என இரண்டு நெடுவரிசையிலும் உங்கள் நிரல் எழுதட்டும். பழைய வரிகளைச் சில ஆயிரங்களாகப் பிரித்து நிரப்பி, வாசிப்பையும் புதியதற்கு மாற்றுங்கள். அப்புறம், ஓரிரு வாரம் பார்த்துவிட்டுப் பழையதை நீக்கலாம். இழுத்தடிப்பதாகத்தான் தெரியும், "இன்னுமா முடியவில்லை?" என்று மேலிடம் கேட்கும். அதற்குப் பதில் சொல்வது உங்கள் வேலை, இரவு 2 மணிக்குக் கண் எரிய உட்கார்ந்திருக்கும் பையனுடையது அல்ல.

சரி, மூடித்தான் ஆக வேண்டுமா? அறிவிப்புப் பக்கத்தை 503 ("தற்காலிகமாக இயங்கவில்லை") குறியீட்டோடு அனுப்புங்கள். 200 ("எல்லாம் சரி") என்று போனால், தேடுபொறி அதையே உங்கள் முகப்பு என்று பதிந்துகொள்ளக்கூடும்.

அடுத்த அறிவிப்பில் கையெழுத்து போடும்முன் குழுவிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த 4 மணி நேரத்தில் எந்த வேலைக்கு எத்தனை நிமிடம்? பேக்கப்பிலிருந்து ஒருமுறையாவது மீட்டுப் பார்த்தாயிற்றா?

இப்படிக்கு,
ஒரு சர்வர் நிர்வாகி