காவலர் தேர்வு: படிக்க வகுப்பு உண்டு, ஓட இடம் உண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு அறிவிப்பு வரும்போதெல்லாம் தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் மாதிரி வினாத்தாளும் பாடக்குறிப்புகளும் வெளியாகின்றன. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அவற்றைக் கத்தரித்து வைத்துக்கொள்கிறார்கள். எப்படி ஓடிப் பழகுவது என்று அந்தப் பக்கத்தில் ஒரு பத்தி வந்து நான் பார்த்ததில்லை. அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உறுத்துகிறது.

எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், உடல் திறன் போட்டிகளுக்கு 24. ஆனால் அந்தப் போட்டிகளுக்குள் நுழையவே ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடிக் காட்ட வேண்டும். இதற்கு மதிப்பெண் கிடையாது. ஒரு விநாடி பிந்தினாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எழுத்துத் தேர்வில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்திருந்தாலும் சரி.

ஏழு நிமிடம் என்பது கொடுமையான கணக்கல்ல. 400 மீட்டர் தடத்தில் மூன்றே முக்கால் சுற்று. சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. மூன்று நான்கு மாதம் முறையாக ஓடிய எந்த இளைஞனும் மூச்சு வாங்காமல் முடித்துவிடுவான். நடப்பது வேறு. எழுத்துத் தேர்வு முடிவு வரும்வரை புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். பெயர் வந்துவிட்டது என்று தெரிந்த மறுநாள் விடியற்காலையில் புறவழிச்சாலையில் இறங்கி, முதல் நாளே முழு வேகத்தில் ஓடுவார்கள். காலில் அடித்தோல் தேய்ந்த கான்வாஸ் ஷூ. கீழே தார். பின்னால் முகப்பு விளக்கு எரிய மணல் லாரி. இரண்டு வாரம் கழித்து அந்தப் பையனைப் பிடித்து உட்காரவைத்துக் கணைக்கால் எலும்பின் உட்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், துள்ளி எழுந்துவிடுவான். அப்போது அவன் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். நிறுத்த மாட்டான், தேர்வு தேதி நெருங்கிவிட்டதே! மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடுவான். எலும்பில் கீறல் விழுந்த காலோடு வந்து என்னிடம் யோசனை கேட்டவர்கள் உண்டு. என்ன சொல்வது? ஓய்வெடு, அடுத்த தேர்வைப் பார் என்றுதான் சொன்னேன். வயது வரம்பு நெருங்கிய பையனிடம் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

ஜார்க்கண்டில் 2024 ஆகஸ்டில் நடந்த கலால் காவலர் தேர்வை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆண்கள் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓட வேண்டும் என்று விதி. ஓடிய இளைஞர்களில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். வெயில், ஊக்கமருந்து என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். தேர்வைச் சில நாட்கள் நிறுத்தி, காலை 9 மணிக்கு மேல் யாரையும் ஓடவிடக் கூடாது என்று அந்த மாநில முதல்வர் உத்தரவிட வேண்டியதாயிற்று. நம் விதி அவ்வளவு கடுமையானதல்ல, உண்மைதான். ஆனாலும் ஓட்டத்துக்கு முன் சான்றிதழ் சரிபார்ப்பு, உயரம், மார்பளவு என்று வரிசைகள் இருக்கின்றன. வரிசையின் கடைசியில் நிற்பவன் வெறும் வயிற்றோடு, வெயில் ஏறிய பிறகுதான் ஓடுகிறான். 9 மணிக் கட்டுப்பாட்டை நாமும் எழுதி வைத்துக்கொள்வதில் யாருக்கும் நஷ்டமில்லை.

ஆண்களுக்கான உடல் திறன் போட்டிகளில் ஒன்றான கயிறு ஏறுதலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 5 மீட்டர் ஏறினால் ஒரு நட்சத்திரம், 6 மீட்டர் ஏறினால் இரண்டு; நட்சத்திரத்தைப் பொறுத்துத்தான் மதிப்பெண். தேர்வு மைதானத்தில்தான் முதன்முதலாகக் கயிற்றைத் தொடுகிற பையன்கள் இருக்கிறார்கள். கையால் மட்டுமே இழுத்து ஏறிப் பாதியில் தொங்கிவிட்டு, உள்ளங்கை உரிய வழுக்கி இறங்குவார்கள். கயிற்றை ஒரு பாதத்தின் மேல் போட்டு மறு பாதத்தால் அழுத்திப் பூட்டிக்கொண்டால் உடல் எடையைக் கால் தாங்கும், கைக்கு ஓய்வு கிடைக்கும். இதைக் கற்றுக்கொடுக்க அரை மணி நேரம் போதும். கற்றுக்கொடுக்க ஆளும் தொங்கவிடக் கயிறும் பெரும்பாலான ஊர்களில் இல்லை. தனியார் அகாடமிகளில் இருக்கிறது. கட்டணம் கட்டினால் ஏறலாம்.

பெண்களுக்கு 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓடச் சொல்கிறார்கள். அது மெல்லோட்டத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பந்தோபஸ்துப் பணியில் ஆணுக்குச் சமமாக நிற்கப்போகிறவர்களை இப்படிக் குறைத்து மதிப்பிடுவது எனக்கு உடன்பாடில்லை. அது ஒருபுறம் இருக்கட்டும். அந்த 400 மீட்டரைப் பழகவும் குண்டெறியவும் அவர்களுக்கு இடம் எங்கே? அண்ணனோ அப்பாவோ சைக்கிளில் கூடவே வந்தால்தான் இருட்டில் சாலையில் ஓட முடிகிறது. வர ஆளில்லாத வீட்டுப் பெண்கள் மொட்டை மாடியில் ஓடுகிறார்கள்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் இந்தத் தேர்வுக்கு இலவச வகுப்பு நடக்கிறது. அரசு செய்கிற உருப்படியான வேலைகளில் அது ஒன்று. அதே அட்டவணையில், எழுத்துத் தேர்வு அறிவிப்பு வந்த நாளிலிருந்தே, காலை ஐந்தரை முதல் ஏழரை வரை மைதானப் பயிற்சியையும் சேர்த்தால் என்ன? மாவட்டத் தலைநகரங்களில் ஆயுதப்படை மைதானம் இருக்கிறது, விளையாட்டு அரங்கம் இருக்கிறது. வட்டார அளவில் அரசு மேல்நிலைப் பள்ளிகளின் மைதானங்கள் அந்த நேரத்தில் பூட்டித்தான் கிடக்கின்றன. சொல்லிக்கொடுக்க உடற்கல்வி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சிறு மதிப்பூதியம் கொடுத்தால் போதும். என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்கள் அதுகூடக் கேட்க மாட்டோம்.

எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தைக் காலையில் திறந்துவிடக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். வாசல் சாவியை யார் வைத்துக்கொள்வது என்பதில் கோப்பு நிற்கிறது. அந்தச் சாவியைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வைத்து, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளும்படி செய்யலாம் என்பது எங்கள் யோசனை. இதைத் தாங்கள் வெளியிட்டால் உரியவர்களின் கண்ணில் படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
சிவகங்கை மாவட்டம்.