அரியலூர்ச் சுரங்கங்களில் ஒரு சுவரை மட்டும் விட்டுவையுங்கள்

மதிப்பிற்குரிய புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஆணையர் அவர்களுக்கும், அரியலூர், பெரம்பலூர் மாவட்ட ஆட்சியர்களுக்கும் வணக்கம்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அரியலூர்ப் பகுதியின் ஒவ்வொரு சுண்ணாம்புக்கல் குத்தகையிலும், அடியிலிருந்து மேல்வரை அடுக்குகள் அறுபடாமல் தெரியும் 10 மீட்டர் அகலச் சுவர் ஒன்றை வெடி வைக்காமல் விட்டுவையுங்கள். மற்ற பெஞ்சுகளில் (சுரங்கத்தில் படிக்கட்டுபோல வெட்டும் தளங்களில்) வெடி வைக்கும் முன், அடுக்குவாரியாக மாதிரி எடுக்க ஒரு நாள் அவகாசம் கொடுங்கள். சுரங்கத்தை மூடச் சொல்லவில்லை. பொக்லைன் இறங்காமல் இருந்திருந்தால் இந்த அடுக்குகளில் பாதி யார் கண்ணிலும் பட்டிருக்காது, அதுவும் தெரியும்.

இந்தப் பாறைகளின் அருமையை உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தொல்லுயிர் ஆய்வாளர்களான ஃபோர்ப்ஸ் 1846-இலும், ஸ்டோலிஸ்கா 1860களிலிருந்தும் இவற்றின் புதைபடிவங்களைப் பற்றித் தொகுதி தொகுதியாக எழுதி வைத்திருக்கிறார்கள். காரையின் களிப்பாறையில் 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் ஆக்சிஜன் குறைந்த காலம் பதிவாகியிருக்கிறது. கல்லங்குறிச்சியில் சிப்பிகளே பாறையாக இறுகிக் கிடக்கின்றன. கல்லமேட்டில் ஆற்று மணலும் டைனோசர் எலும்பும். அதற்கும் மேலே நின்னியூரில் மறுபடி கடல் வந்திருக்கிறது. ஆனால் அந்தக் கடலில் சுருள் ஓடுள்ள கடலுயிரியான அம்மோனைட் ஒன்றுகூட இல்லை, அதன் தூரத்து உறவான நாட்டிலஸ் வகை மட்டும் இருக்கிறது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்தபோது உலக உயிரினங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு அழிந்ததன் முன்னும் பின்னும் ஒரு மாவட்டத்துக்குள்ளேயே காலால் நடந்து பார்க்கக் கிடைக்கிறது.

"புதைபடிவங்களைத்தான் பொறுக்கி அருங்காட்சியகத்தில் வைக்கிறோமே" என்று பதில் வரும். சிக்கலே அங்கேதான். வெடித்துச் சரிந்த குவியலில் எடுத்த சிப்பி அழகான கல், அவ்வளவுதான். அது எந்த அடுக்கில், எளிதில் இனங்காணக்கூடிய அடையாள அடுக்கு ஒன்றுக்கு எத்தனை சென்டிமீட்டர் மேலே இருந்தது என்று தெரியாவிட்டால் அழிவைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது. கல்லங்குறிச்சியில் கீழே இனோசெராமஸ் சிப்பி அடுக்கு, மேலே கிரைஃபியா சிப்பி அடுக்கு. இனோசெராமஸ் கூட்டம் உலகெங்கும் விண்கல் விழுவதற்குப் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே மங்கிவிட்டது. இங்கே அது படிப்படியாகக் குறைந்ததா, ஒரே அடுக்கில் நின்றுபோனதா? சுவர் நின்றால் எண்ணிச் சொல்லலாம். குவியலில் இரண்டும் கலந்தே கிடக்கும்.

எண்ணுவதிலும் ஒரு பொறி உண்டு. நம் கையில் சிக்கிய கடைசிப் படிவம், அந்த இனத்தின் கடைசி உயிர் அல்ல. அரிதான இனம் என்றால் அது உண்மையில் அழிந்த இடத்துக்குப் பல மீட்டர் கீழேயே நமக்குத் தட்டுப்படாமல் போய்விடும். அதனால் திடீர் அழிவுகூட மெல்ல மெல்ல நடந்ததுபோலத் தோன்றும். ஸ்பெயினின் சுமாயா கடற்கரைப் பாறைகளில் அம்மோனைட்டுகள், அந்தப் பேரழிவைக் குறிக்கும் எல்லைக்கோட்டுக்குப் பல மீட்டர் கீழேயே முடிந்துவிட்டதாக முதலில் நினைத்தார்கள். சுற்றுவட்டாரத்தில் தேடலைக் கூட்டியதும் கோட்டை ஒட்டியே கிடைத்தன. மறுபடி போய்த் தேட அங்கே பாறை இருந்தது. இங்கே இருக்குமா?

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். பெஞ்ச் உயரம் 6 மீட்டர் என்றால், 20 செ.மீ.க்கு ஒன்றாக 30 மாதிரி. வெயிலும் மழையும் தின்ற மேல்தோலை ஒரு சாண் ஆழம் வெட்டி எறிந்துவிட்டு, உள்ளிருந்து அரை கிலோ. பையில் குத்தகை எண், பெஞ்ச் மட்டம், அடுக்கின் உயரம். அளவுகோல் வைத்து ஒரு படம். சுண்ணாம்புத் தூசியில் மை அழிந்துவிடும் என்பதால் பென்சிலில் எழுதிய சீட்டு ஒன்று பைக்குள்ளும் இருக்க வேண்டும். ஆய்வகத்தில் ஊறவைத்து 63 மைக்ரான் சல்லடையில் அலசினால் ஃபோராமினிஃபெரா என்ற ஒருசெல் கடலுயிரிகளின் மணல்மணி அளவு ஓடுகளும் கிடைக்கும். மொத்தம் 15 கிலோ கல். ஒரு நாளில் டிப்பர்களிலிருந்து ரோட்டில் சிந்துவது இதைவிட அதிகம்.

கல்லமேட்டில் நடந்தது போதாதா? உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருந்திருக்கக்கூடிய ப்ருஹத்காயோசாரஸ் அங்கேதான் கிடைத்தது. கால் எலும்பு ஒன்றே 2 மீட்டர் நீளம். களிமண் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். நடுவில் மாட்டிய எலும்பு நொறுங்கும். வெட்டியெடுக்கும் முன் மெல்லிய பசைக்கரைசல் ஊட்டி, ஈரத்தாள் சுற்றி, மேலே பாரிஸ் சாந்தில் தோய்த்த சாக்குத்துணி போட்டிருந்தால் தாங்கியிருக்கும். அந்த எலும்புகள் களத்திலேயே பொடியத் தொடங்கின, சேமிப்புக்கு வந்து சேரவில்லை. மிஞ்சியவை கோட்டோவியங்களும், 2022-இல் வெளியான பழைய புகைப்படங்களும். எலும்பா, கல்லான மரமா என்று வெளிநாட்டில் சந்தேகப்பட்டபோது எடுத்துக் காட்ட நம்மிடம் ஒரு துண்டுகூட இல்லை. 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த சாத்தனூர்க் கல்மரம் மட்டும் 18 மீட்டரும் அப்படியே கிடக்கிறதே, எப்படி? வேலி போட்டார்கள், அவ்வளவுதான்.

2020 அக்டோபரில் குன்னத்தில் "டைனோசர் முட்டை" என்று செய்தி பரவியதும் ஊரே திரண்டது. அவை அம்மோனைட் காலத்துக் கடலடியில் உருண்டு திரண்ட கற்கள் என்று வல்லுநர்கள் சொன்னதும் கூட்டம் கலைந்துவிட்டது. முட்டையாக இல்லாமல் போனது அந்தக் கற்களின் குற்றம்போல. புவியியல் மரபிடங்களுக்கான சட்ட வரைவை ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் மக்கள் கருத்துக்கு வைத்தது. கருத்துச் சொன்னவர்கள் காத்திருக்கிறார்கள், வெடிமருந்து காத்திருக்கவில்லை.

கோபத்தில் ஒன்றிரண்டு வார்த்தை கூடியிருந்தால் பொறுத்தருள வேண்டும். சுண்ணாம்புக்கல் சுரங்கத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது இந்தியச் சுரங்கப் பணியகம் என்பதை அறிவோம். ஆனால் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திடுவது மாநில அரசுதானே. அந்தப் பத்திரத்திலும், மூடல் திட்டத்தைப் பரிசீலிக்கும்போதும் 10 மீட்டர் சுவர் என்ற ஒரு வரியைச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். கைவிட்ட குழிகளில் மழைநீர் தேங்கினால் முதலில் மூழ்குவது அடியடுக்குகள்தான். ஆகவே வடகிழக்குப் பருவமழைக்கு முன், பணி முடிந்த குழிகளிலிருந்தாவது தொடங்குங்கள்.

இப்படிக்கு,
அரியலூர்ப் பாறைகளைப் படித்துவரும் சிலர்